முப்பது வயதுக்கு மேல் ஏடிஎச்டி: பெங்களூரில் யாரைப் பார்ப்பது, என்ன எதிர்பார்ப்பது

கேட்டவர் எழுதியதன் சுருக்கம்: வயது 33. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். ப்ளஸ் டூவில் 1,200-க்கு 1,100-ஐத் தாண்டிய மதிப்பெண். இப்போது பெங்களூர் பெல்லந்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, இது மூன்றாவது கம்பெனி. மூன்று வரி மெயிலுக்குப் பதில் போட மூன்று நாள் ஆகிறது. கணக்கில் பணம் இருந்தும் கட்ட மறந்ததால் வீட்டுக் கரண்டைத் துண்டித்துவிட்டார்கள். யூகேஜி படிக்கும் மகனின் பள்ளியில் சொல்லும் தேதிகள் ஒன்றுவிடாமல் தவறுகின்றன. கணவர், "போனைக் கீழே வெச்சா எல்லாம் சரியாகும்" என்கிறார். அம்மா, "நீ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானே" என்கிறார். ஏடிஎச்டி (கவனமின்மை, அளவுக்கு மீறிய துறுதுறுப்புக் கோளாறு) பற்றிய காணொளிகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றியே பேசுவதுபோல இருக்கிறது. இது நோயா, சோம்பலா? பெங்களூரில் யாரைப் பார்ப்பது? மாத்திரை பழக்கமாகிவிடுமா? ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா?

நான் இதே ஊரில் வேலை பார்க்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஒரு கேள்வியை வைத்து யாருக்கும் ஏடிஎச்டி உண்டு, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் நேரில் போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டியவர் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். அப்படிச் சொல்லவைப்பது கரண்ட் பில் அல்ல, அதை எல்லோரும்தான் மறக்கிறோம். உங்கள் அம்மா குறையாகச் சொன்ன அந்த ஒரு வரிதான் காரணம். ஏடிஎச்டி முப்பது வயதில் புதிதாக வந்து ஒட்டிக்கொள்கிற ஒன்று இல்லை. சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும். "இப்போதுதான் இரண்டு வருடமாக இப்படி" என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பதில் வேறு திசையில் போயிருக்கும்.

அப்படியானால் 1,100 மார்க் எப்படி வந்தது? உங்களைப் போன்றவர்கள் என்னிடம் முதலில் கேட்பதும் இதைத்தான், சில மருத்துவர்கள் "நல்லாப் படிச்சிருக்கீங்களே, உங்களுக்கு எப்படி ஏடிஎச்டி இருக்கும்?" என்று திருப்பி அனுப்புவதும் இதை வைத்துத்தான். நம் ஊர்ப் பள்ளிகளில், அதுவும் விடுதியோடு இருக்கும் பள்ளிகளில், ப்ளஸ் டூ எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விடியும் முன்னே எழுப்பிவிட ஆள் உண்டு. காலையிலும் மாலையிலும் ஸ்டடி ஹால். தினமும் ஒரு ஸ்லிப் டெஸ்ட், மறுநாளே மார்க். பாடம் முழுவதையும் நீங்கள் திட்டமிட வேண்டியதில்லை, இன்று இரண்டு கேள்வி, நாளை இரண்டு கேள்வி என்று துண்டு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் இருந்து படித்தவர்களுக்கு அம்மா பக்கத்திலேயே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலை சின்னது, கெடு பக்கத்தில், மேற்பார்வைக்கு ஆள் உண்டு. ஏடிஎச்டி உள்ள மூளைக்கு வெளியிலிருந்து தேவைப்படும் உதவிகள் கிட்டத்தட்ட இவைதான். கொடி நன்றாகப் படர்ந்தது, ஆனால் பந்தல் மற்றவர்கள் போட்டது.

பெங்களூருக்கு வந்ததும் அந்தப் பந்தல் இல்லை. முதல் வேலையில் டீம் லீட் பக்கத்து இருக்கையில் இருந்தவரை ஓரளவு ஓடியிருக்கும். 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை, மூன்று மாதத்துக்கு ஒரு கெடு, யாரும் கேட்காத மதிய நேரங்கள். கூடவே திருமணம், குழந்தை, வாடகை, பள்ளி வாட்ஸாப் குழு, மாமியார் மருந்துக் கணக்கு. எல்லாவற்றையும் நினைவில் வைத்து, வரிசைப்படுத்தி, நேரத்துக்குத் தொடங்கும் பொறுப்பு ஒரே ஆளின் தலையில். நான் பார்க்கும் தமிழ்ப் பெண்களில் பலர் உடைந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். அறிவு குறைந்துவிட்டது என்றே அவர்கள் நம்பிக்கொண்டு வருகிறார்கள். குறைந்தது அறிவு அல்ல, தாங்கிப்பிடித்த ஏற்பாடுகள்.

சரி, நோயா சோம்பலா? சோம்பல் என்றால் செய்யாமல் இருப்பதில் ஒரு நிம்மதி இருக்கும். ஏடிஎச்டியில் அந்த நிம்மதி கிடைக்காது. அந்த மெயிலைப் பற்றி மூன்று நாளும் நினைத்திருப்பீர்கள், உங்களையே திட்டிக்கொண்டிருப்பீர்கள், ஆனாலும் தொடங்க முடிந்திருக்காது. என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகத் தெரியும், தெரிந்ததைச் செய்யவைக்கும் இடத்தில்தான் சிக்கல். முன்மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களின் வேலையோடு இது தொடர்புடையது. அவசரமானதும் சுவாரசியமானதும் இழுத்துக்கொள்ளும், தூரத்தில் இருப்பதும் அலுப்பானதும் இழுக்காது. அதனால்தான் பிடித்த வேலையில் உட்கார்ந்தால் சாப்பாடு மறந்து ஐந்து மணி நேரம் போகிறது, பத்து நிமிட வேலையான விடுப்பு விண்ணப்பம் ஒரு மாதம் கிடக்கிறது. "உனக்குப் புடிச்சதுன்னா மட்டும் செய்றியே" என்று வீட்டில் சொல்வார்கள். அவர்கள் கவனித்தது சரிதான், எடுத்துக்கொண்ட பொருள்தான் தவறு.

நோயறியும் விதிகள் இப்படி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-இன் ஐந்தாம் பதிப்பு 2013-இல் வந்தது. கவனமின்மை சார்ந்து 9 அறிகுறிகள், அமைதியின்மையும் அவசரப்படுதலும் சார்ந்து 9 அறிகுறிகள். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இரண்டில் ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது 5 இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்க வேண்டும், வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும், வேறு காரணத்தால் வந்ததாக இருக்கக் கூடாது. அந்த 12 வயது வரம்பு முந்தைய பதிப்பில் 7 வயதுக்கு முன் என்று இருந்தது. பெரியவர்களில் நீடிக்கும் ஏடிஎச்டி சுமார் 2.5 சதவீதம் பேருக்கு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அரிதான ஒன்று அல்ல.

பெண்கள் இதில் தப்பிப்போவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நம் மருத்துவமனைகள் நீண்ட காலம் பின்பற்றிய ஐசிடி-10 என்ற உலகச் சுகாதார நிறுவன வகைப்பாட்டில், கவனமின்மையும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்து இருந்தால்தான் நோய் என்று கணக்கு. பெஞ்சில் ஏறிக் குதிக்கும் பையன் அதில் அகப்படுவான். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பெண் குழந்தை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. அவளுக்குத் துறுதுறுப்பு தலைக்குள் ஓடும். வளர்ந்தபின் பதற்றம் என்றும் மனச்சோர்வு என்றும் சிகிச்சை எடுப்பாள், பாதி சரியாகும், மீதி அப்படியே இருக்கும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் எல்லாம் இன்னும் மோசமாவதாகவும் பல பெண்கள் சொல்கிறார்கள். உங்களுக்கும் அப்படியென்றால் அதையும் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கவனம் சிதறுவதெல்லாம் ஏடிஎச்டி அல்ல. தைராய்டு குறைவாகச் சுரந்தால் மந்தமும் மறதியும் வரும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தக் களைப்பும் கவனத்தைத் தின்னும். பி12 குறைபாடு, குறட்டையோடு வரும் தூக்கத்தில் மூச்சுத்தடை, அமெரிக்க நேரத்துக்கு நடக்கும் இரவு மீட்டிங்குகள், குடி, துக்கம், மோசமான மேனேஜர், இவை எல்லாமே இதே முகத்தோடு வரும். மனச்சோர்வும், அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோயும் அலை அலையாக வந்து போகும், இடையில் நன்றாக இருந்த காலம் ஒன்று இருக்கும். ஏடிஎச்டியில் அப்படி ஒரு காலத்தைக் காட்டுவது கடினம். இவற்றில் ஒன்று ஏடிஎச்டியோடு சேர்ந்தே இருப்பதும் சகஜம். அதனால்தான் பதினைந்து நிமிடத்தில் "ஆமாம், ஏடிஎச்டிதான்" என்று சொல்கிறவரையும், ஐந்து நிமிடத்தில் "இல்லவே இல்லை" என்று சொல்கிறவரையும் நான் ஒரே மாதிரி சந்தேகப்படுகிறேன்.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவுக்கு ஃபோன் போடுங்கள். "எனக்கு ஏடிஎச்டி இருந்துச்சாம்மா?" என்று கேட்டால் அவர் பயந்துவிடுவார், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கண்டதையும் யோசிக்காதே" என்று முடித்துவிடுவார். குறிப்பாகக் கேளுங்கள். மூணாவது நாலாவது படிக்கையில் ஸ்கூலுக்குக் கிளம்ப எத்தனை தடவை சொல்லணும்? டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் எவ்வளவு தொலைச்சேன்? டீச்சர் என்ன சொல்வாங்க? கடைக்கு அனுப்பினா என்ன வாங்காம வருவேன்? மற்றவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள குறுக்கே பேசுவேனா? இப்படிக் கேட்டால் கதைகள் வரும், அவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பழைய ப்ராக்ரஸ் கார்டு வீட்டு அலமாரியில் கிடந்தால் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மார்க்கைவிட ஆசிரியர் குறிப்புக்காகத்தான் அது வேண்டும். "கவனக்குறைவான பிழைகள்", "திறமை உண்டு, முயற்சி போதாது" என்ற வரிகள் வருடா வருடம் திரும்ப வந்தால் அவை மருத்துவருக்கு மிகப் பெரிய உதவி.

உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட ஏஎஸ்ஆர்எஸ் என்ற சுயமதிப்பீட்டுப் படிவமும் உண்டு. மொத்தம் 18 கேள்விகள், அதில் முதல் 6 கேள்விகளே முதல் வடிகட்டல். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அது வடிகட்டி மட்டும்தான். கவலை அதிகமாக இருப்பவர்களும் அதில் அதிக மதிப்பெண் எடுத்துவிடுவார்கள்.

இப்போது எங்கே போவது. முதலில் பார்க்க வேண்டியது மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட். மருத்துவம் படித்து எம்டி, டிபிஎம், டிஎன்பி போன்ற மனநலத் தகுதி பெற்றவர். மருந்து எழுத அவரால்தான் முடியும். என்னைப் போன்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் விரிவான மதிப்பீடும் பேச்சுச் சிகிச்சையும் செய்யலாம், மருந்து எழுதக் கூடாது. எங்களுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள், முறையாகப் படித்தவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஏடிஎச்டி கோச்" என்று போட்டுக்கொள்ள எந்தத் தகுதியும் சட்டப்படி தேவையில்லை. மூளையைப் படமெடுத்து ஏடிஎச்டியைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் இடங்களில் பணத்தைக் கொட்டாதீர்கள். எம்ஆர்ஐ, இஇஜி, ரத்தப் பரிசோதனை எதுவும் ஏடிஎச்டியை உறுதி செய்யாது. ரத்தம் எடுப்பது தைராய்டு, இரும்புச்சத்து போன்ற மற்ற காரணங்களைத் தேடுவதற்காக.

ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது, நாட்டின் மிகப் பெரிய மனநல நிறுவனங்களில் ஒன்று. யாருடைய பரிந்துரைக் கடிதமும் இல்லாமல் புறநோயாளியாக நேரே போகலாம். கட்டணம் மிகக் குறைவு, கூட்டம் மிக அதிகம். காலையிலேயே போய்ப் பதிவு செய்யுங்கள், அன்று முழுநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர்ப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருகிற இடம் என்பதால் தமிழ் அங்கே காதில் விழுந்துகொண்டே இருக்கும். நிம்ஹான்ஸ் என்றாலே நம் குடும்பங்களில் ஒரு பயம் உண்டு, அம்மாவிடம் பெயரைச் சொன்னால் அழுதுவிடுவார் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அங்கே புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். பெல்லந்தூரிலிருந்து உங்களுக்குக் கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னும் பக்கம், அங்கும் மனநலப் பிரிவு உண்டு. தனியார் மருத்துவர் என்றால் முன்பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: பெரியவர்களின் ஏடிஎச்டியைப் பார்ப்பாரா, முதல் சந்திப்புக்கு எவ்வளவு நேரம் தருவார்? இதற்கெல்லாம் முன்னால் யாரிடமாவது பேசினால் போதும் என்று இருந்தால் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அவர்கள் ஏடிஎச்டியை உறுதி செய்ய மாட்டார்கள், வழி காட்டுவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் காத்திருக்காமல் அந்த எண்ணை அழையுங்கள்.

மதிப்பீட்டில் என்ன நடக்கும்? பெரும்பாலும் பேச்சுதான். டிவா-5 என்ற நேர்காணல் முறையைப் பலர் பயன்படுத்துகிறோம். 18 அறிகுறிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இப்போது எப்படி, சிறுவயதில் எப்படி என்று இரண்டுக்கும் உதாரணம் கேட்போம். அம்மாவோ அக்காவோ கணவரோ ஒருவர் கூட இருந்தால், ஃபோனிலாவது இருந்தால், மிகவும் நல்லது. கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் பதிலைத் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் நாம் ஆபீஸ் பாணியில் கோர்வையாகப் பேசிவிடுகிறோம், தமிழில்தான் "காலில் சக்கரம் கட்டின மாதிரி இருப்பேன், அப்பா அடிப்பார்" என்று உள்ளது உள்ளபடி வருகிறது.

மருந்துக்கு வருகிறேன். இதை ஒரு மருத்துவரின் இடத்தில் நின்று சொல்லவில்லை, நோயாளிகளோடு பல வருடம் பயணித்தவளாகச் சொல்கிறேன். இந்தியாவில் பெரியவர்களுக்கு முக்கியமாகத் தரப்படுபவை இரண்டு: மெத்தில்பெனிடேட், ஆட்டமாக்ஸெடின். அமெரிக்கக் காணொளிகளில் அடிக்கடி கேட்கும் ஆட்ரால் போன்ற ஆம்பிட்டமின் வகை மருந்துகள் இங்கே விற்பனையில் இல்லை.

மெத்தில்பெனிடேட் 1944-இல் உருவாக்கப்பட்ட பழைய மருந்து, அதன் நல்லது கெட்டதெல்லாம் நன்றாகத் தெரியும். சாதாரண மாத்திரை அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகை அதைவிட நீண்ட நேரம் நிற்கும். பத்தில் ஆறேழு பேருக்குப் பலன் தெரியும். முதல் நாள் பலன் தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் மனம் கனக்கும்: "மத்தவங்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தான் இருக்குமா மேடம்?" பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறும், சிலருக்குத் தலைவலி, எரிச்சல், படபடப்பு. காலையில் இரண்டு டபரா காபி குடித்துவிட்டு மாத்திரையும் போட்டால் படபடப்பு கூடும், முதல் வாரங்களில் காபியைக் குறையுங்கள். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று மாரடைப்பில் இறந்திருந்தால், உங்களுக்கு இதயக் கோளாறு, அதிக ரத்த அழுத்தம், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தால், குடும்பத்தில் பைபோலார் அல்லது மனச்சிதைவு நோய் இருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ஆட்டமாக்ஸெடின் வேறு வகை, மெத்தில்பெனிடேட்டைப் போல மூளையைத் தூண்டும் ஊக்கிமருந்து அல்ல. தினமும் எடுக்க வேண்டும், முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம். குமட்டல், வாய் வறட்சி, வியர்வை வரலாம், சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும். மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் எடுக்கிறவர்களுக்கு இதன் அளவு ரத்தத்தில் ஏறிவிடும், அதனால் ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலைக் காட்டுவது முக்கியம். பத்து நாளில் "வேலை செய்யல" என்று நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பழக்கமாகிவிடுமா என்ற பயம் நியாயமானது, மெத்தில்பெனிடேட்டை அரசே கண்காணிப்பில் வைத்திருக்கிறது. அது மருந்துச் சட்ட விதிகளில் அட்டவணை எக்ஸில் இருக்கிறது, போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டிலும் வருகிறது. அதனால் மருந்துச்சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், தனி உரிமம் உள்ள கடைகளில் மட்டுமே கிடைக்கும். 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி வீடியோ ஆலோசனையில் இதை எழுதித்தர முடியாது. ஆப்பில் ஆர்டர் போடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெரிய மருத்துவமனைகளின் மருந்தகத்தில் முதலில் கேளுங்கள். ஆனால் கட்டுப்பாடு இருக்கிறது என்பதால், மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழியே எடுப்பவர் அடிமையாகிவிடுவார் என்று ஆகாது. சிறுவயதில் ஊக்கிமருந்துச் சிகிச்சை எடுத்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, பிற்காலத்தில் போதைப் பழக்கம் கூடியதாகத் தெரியவில்லை. தூளாக்கி எடுப்பது, அளவைத் தானே கூட்டுவது, நண்பருக்குக் கொடுப்பது, இவைதான் ஆபத்து. கடைசியாகச் சொன்னது குற்றமும்கூட.

மருந்து எடுக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் ஏடிஎச்டி உள்ள 23 லட்சம் பேரின் காப்பீட்டுத் தரவுகளை வைத்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. மருந்து எடுத்த மாதங்களில், எடுக்காத மாதங்களைவிட, வாகன விபத்தால் அவசரச் சிகிச்சைக்குப் போவது ஆண்களில் 38 சதவீதமும் பெண்களில் 42 சதவீதமும் குறைவு. தினமும் அவுட்டர் ரிங் ரோட்டில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு, மனது வேறெங்கோ இருக்க, நெரிசலான சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு இந்த எண்தான் முதலில் ஞாபகம் வருகிறது. இன்னொரு குழந்தைக்கு யோசனை இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், திட்டத்தை அதற்கேற்ப மாற்றுவார்கள்.

மாத்திரை கவனத்தைக் கொடுக்கும், அதை எதில் வைப்பது என்று சொல்லிக்கொடுக்காது. மருந்து போட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் கவனமாக அலமாரியை அடுக்கியவர்கள் உண்டு. அதனால் பெரியவர்களின் ஏடிஎச்டிக்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை கூடவே தேவை. அதில் நாங்கள் செய்வதன் சாரம், பள்ளியில் மற்றவர்கள் போட்டுக்கொடுத்த ஏற்பாட்டை இப்போது நீங்களே வெளியில் கட்டுவது. கரண்ட் பில், வாடகை, கார்டு எல்லாம் தானாகக் கழியும்படி வைத்துவிடுங்கள், நினைவில் வைக்கும் முயற்சியே வேண்டாம். நினைவூட்டல்கள் ஐந்து ஆப்பில் சிதறாமல் ஒரே இடத்தில் இருக்கட்டும். "ரிப்போர்ட் முடிக்கணும்" என்று எழுதாதீர்கள், "ஃபைலைத் திற, தலைப்பை எழுது" என்று எழுதுங்கள். தொடங்கவே முடியாத வேலைகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் தேவை. தோழியோடு வீடியோ போட்டுக்கொண்டு, இருவரும் பேசாமல் அவரவர் வேலையைப் பார்ப்பது பலருக்கு மருந்துக்கு இணையாக உதவுகிறது. அலுவலகத்துக்குப் போகும் நாள்களைக் கூட்டுவதும் உங்களுக்கு நல்லதாக இருக்கலாம், வீட்டிலிருந்து வேலை எல்லோருக்கும் வரம் இல்லை. தூக்கத்தையும் நடையையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அவை இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நிற்காது.

ஆபீஸ் விஷயம் சுருக்கமாக. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சைத் தகவலுக்கு ரகசியக் காப்பு தருகிறது, நீங்கள் சம்மதிக்காமல் மருத்துவர் நிறுவனத்திடம் சொல்ல முடியாது. அதே சட்டம் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது, ஆனால் பெரும்பாலான பாலிசிகள் புறநோயாளிச் செலவைத் தருவதில்லை, உங்களுடையதைப் பாருங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஎச்டி பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. அதனால் சட்டத்தைக் காட்டிக் கேட்பதைவிட, பெயரே சொல்லாமல் தேவையை மட்டும் கேட்பது நடைமுறையில் நன்றாக ஓடுகிறது: வாய்வழி சொன்னதை மெயிலில் அனுப்பச் சொல்வது, பெரிய கெடுவை வாரக் கெடுக்களாகப் பிரித்துக் கேட்பது, காலை இரண்டு மணி நேரம் மீட்டிங் இல்லாமல் வைப்பது. மேனேஜரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அந்த மனிதரைப் பொறுத்தது. முதல் மாதமே சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து.

கணவரை இரண்டாவது சந்திப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் விளக்கினால் சாக்காகத் தெரிவது, மருத்துவர் விளக்கினால் தகவலாகத் தெரியும். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு, இத்தனை வருடம் உங்கள் மறதியின் சுமையை அவரும் சேர்த்துத்தான் தூக்கியிருக்கிறார். அதை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்கினால் வீடு சீக்கிரம் ஒத்துழைக்கும். வீட்டு வேலையைப் பிரிக்கும்போது, தேதி நினைவில் வைக்க வேண்டிய வேலைகளை அவரும், உடனே கையில் செய்து முடிக்கும் வேலைகளை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

மகனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஓடும். ஏடிஎச்டியில் மரபின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல் என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக யூகேஜியிலேயே அவனுக்கு முத்திரை குத்த வேண்டாம், அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் ஓடத்தான் செய்யும். ஒரே வயதுப் பிள்ளைகளைவிட அவன் தெளிவாக வேறுபடுகிறான் என்று வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் தெரிந்தால் குழந்தைகள் மனநலப் பிரிவில் காட்டுங்கள். ஆறு வயதுக்குக் கீழே முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, குழந்தையை எப்படி நடத்துவது என்று பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான். அந்தப் பயிற்சிக்கு நீங்கள் தவறாமல் போய்வர, உங்கள் சிகிச்சை முதலில் தொடங்கியிருக்க வேண்டும்.